எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் கேள்விகள் பெரும்பாலும் "இதைச் சாப்பிடலாமா, அதைச் சாப்பிடலாமா" என்றே தொடங்குகின்றன. ஆனால் தொல்லை என்று ஒன்று வந்துவிட்டால், என்ன சாப்பிட்டோம் என்பதைவிட அது எப்போது வந்தது என்பதே காரணத்தை விரைவில் காட்டிக்கொடுக்கும். முதல் கவளத்திலிருந்து எத்தனை நிமிடம் கழித்து வந்தது, அறுவை சிகிச்சை முடிந்து எத்தனை வாரம் ஆகியிருக்கிறது, வந்தது எவ்வளவு நேரம் நீடித்தது ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், கீழே உள்ள பகுதிகளில் எது உங்களுக்குரியது என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த நோட்டு பாதி வேலையை முடித்துவிடும்.

உங்களுக்கு நடந்தது எந்த அறுவை சிகிச்சை என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, குறுகிய குழாய் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. உணவு செல்லும் பாதை மாறுவதில்லை, இரைப்பையின் அடிவாயில் உள்ள வால்வும் அப்படியே இருக்கிறது. பைபாஸ் முறையில் ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறிய பை ஒன்று உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு அந்த வால்வையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே கடந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டால்தான் நெஞ்செரிச்சல் ஸ்லீவ் செய்தவர்களையும், சர்க்கரை சாப்பிட்டதும் வரும் படபடப்பும் சத்துக் குறைபாடுகளும் பைபாஸ் செய்தவர்களையும் அதிகமாகப் பிடிக்கின்றன.

உணவுமுறையால் சரியாகாத அறிகுறிகள்

இந்தப் பகுதியில் உள்ள எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியது அல்ல. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும், தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம் என்றே மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். வயிற்று வலியே இல்லாமல், வேகமான நாடித்துடிப்பு மட்டுமே கசிவின் முதல் அடையாளமாக இருப்பதும் உண்டு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம். ரத்த வாந்தியும், தார்போல் கருத்து ஒட்டும் மலமும் எந்த மாதத்தில் வந்தாலும் அவசரமே. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருக்கவைக்கும் என்றாலும், கூடவே தலைசுற்றலோ வயிற்று வலியோ இருந்தால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பைபாஸ் செய்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, எடை நன்றாகக் குறைந்த நிலையில், வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் கடும் வலி விட்டுவிட்டு வந்தால், குடலின் ஒரு பகுதி உள்ளே இருக்கும் இடைவெளியொன்றில் நுழைந்து சிக்கியிருக்கக்கூடும். எப்போதோ செய்த அறுவை சிகிச்சைக்கும் இன்றைய வலிக்கும் என்ன தொடர்பு என்று நோயாளியே அதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால் நேரம் வீணாகிறது. அவசரப் பிரிவில் காலடி வைத்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "எனக்கு எடைக்குறைப்பு பைபாஸ் நடந்திருக்கிறது" என்பதே.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சின் நடுவில் அடைக்கிறது

வீடு திரும்பியவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காரணம் உணவின் வகை அல்ல, வேகமும் வறட்சியுமே. நெஞ்செலும்பின் நடுவில் ஒரு கல் உட்கார்ந்ததுபோல் அழுத்தும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் அந்த எச்சில் நுரைநுரையாக மேலே வரும். இறங்காத கவளத்தைச் சளிபோன்ற நீரால் வழுக்கவைத்து உள்ளே தள்ள உடல் செய்யும் முயற்சி அது. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்து இறக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடைத்த இடத்துக்கு மேலே தண்ணீர் தேங்கி வலியைக் கூட்டும், முடிவில் வாந்தியாக வெளியேறும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எழுந்து மெதுவாக நடந்து, ஊறும் எச்சிலை விழுங்காமல் துப்பிக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அன்றைய மீதிப் பொழுதுக்குத் திரவ உணவும், மறுநாள் மசித்த உணவும் போதும்.

இது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நடக்கிறது என்றால், சாப்பிடும் முறையைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கவளம் சுண்டுவிரல் நகத்தளவு இருக்க வேண்டும். வாயிலேயே கூழாகும்வரை மென்ற பிறகே விழுங்க வேண்டும். ஒரு கவளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகலாம். அதற்கு மேல் இழுத்தால் அது கொறிப்பதாக மாறிவிடும். மீண்டும் சூடாக்கிய கோழி இறைச்சி அடைப்பதில் முதலிடம் வகிக்கிறது, ஏனெனில் இரண்டாவது சூட்டில் அதன் ஈரம் முழுவதும் போய் நார்நாராகிவிடுகிறது. அதே இறைச்சியைக் குழம்பில் ஊறவைத்தோ, அரைத்து உருட்டி வேகவைத்தோ எடுத்துக்கொண்டால் பலருக்கும் சிக்கலின்றி இறங்கிவிடும். மென்மையான ரொட்டி அதற்கு நேர்மாறானது: வாயில் மிருதுவாக இருந்துவிட்டு, விழுங்கிய பின் மாவுருண்டையாகத் திரண்டுகொள்ளும், வாட்டி மொறுமொறுப்பாக்கிய ரொட்டி அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

வயிறு நிறைந்துவிட்டது என்பதைக் காட்டும் அடையாளமும் முன்போல் இருப்பதில்லை. பலருக்கு மூக்கில் நீர் வடிகிறது. சிலருக்கு ஒரே ஒரு விக்கல், தும்மல் அல்லது ஆழ்ந்த பெருமூச்சு வருகிறது. உங்களுக்கு எது வருகிறது என்பதை முதல் மாதத்திலேயே கவனித்து வைத்துக்கொண்டால், அது வந்த பிறகு எடுக்கும் "இன்னும் ஒரே ஒரு வாய்"தான் அநேகமான அடைப்புகளுக்குக் காரணம் என்பதைக் காண்பீர்கள். தட்டில் மீந்ததை வீணாக்கக் கூடாது என்ற பழக்கம் உள்ளவர்கள், தட்டில் போடும்போதே பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

கவளம், வேகம், ஈரம் மூன்றையும் திருத்திய பிறகும் நாளுக்கு நாள் திட உணவு இறங்காமல் போய், பின்பு கூழும் இறங்காமல் போனால், அது பழக்கத்தின் குற்றம் அல்ல. பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்புத் துளை சுருங்குவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டும். எண்டோஸ்கோப்பி (வாய்வழியே செலுத்தும் கேமராக் குழாய்) வழியாகப் பலூனை விரித்து அதை அகலப்படுத்துவார்கள், சிலருக்கு ஒரு தடவைக்கு மேல் தேவைப்படும். ஸ்லீவ் குழாயும் நடுப்பகுதியில் குறுகுவதோ முறுக்கிக்கொள்வதோ உண்டு.

வாந்தி நிற்கவில்லை

எப்போதாவது ஒரு வாந்தி வேறு. நாள்தோறும் வரும் வாந்தி வேறு. 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும், எனவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதைவிட மெதுவாக நெருங்கும் ஆபத்து ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். தையமின் எனப்படும் வைட்டமின் பி1 நம் உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே போதுமான அளவில் சேமிப்பாக இருக்கிறது. சாப்பாடும் குறைந்து, உள்ளே போனதும் வாந்தியாக வெளியேறும்போது அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. அப்போது நடை தள்ளாடும். கண் இரட்டையாகத் தெரியும் அல்லது கண்மணி தானாகத் துள்ளும். பேச்சிலும் நினைவிலும் குழப்பம் தெரியும். காலில் மரமரப்பும் எரிச்சலும் வரும். இவை எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை, ஒன்று வந்தாலே போதும். "சாப்பிடாததால் வந்த அசதி" என்று வீட்டில் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தப் பத்தியை அவர்களும் படித்திருப்பது நல்லது.

தையமின் குறைந்த உடலில் முதலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தையமினும் அதைச் செரிக்கச் செலவாகி, மூளைக்கு ஏற்படும் சேதம் கூடிவிடலாம். ஆகவே பல நாள் வாந்திக்குப் பிறகு சேர்க்கப்படும் நோயாளிக்குத் தையமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அதன் பிறகு என்பதே முறை. பக்கத்தில் இருக்கும் சிறிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருப்பதையும் எத்தனை நாளாக வாந்தி எடுக்கிறார் என்பதையும் சொல்லி, தையமின் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு

இதை டம்பிங் என்பார்கள். பைபாஸ் செய்தவர்களிடம் அதிகமாகவும் ஸ்லீவ் செய்தவர்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது. வால்வின் தடை இல்லாததால் சர்க்கரை நிறைந்த உணவு ஒரே மூச்சில் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அந்த அடர்த்தியை நீர்க்கச் செய்ய ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் உப்பி வலிக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. முகம் சிவந்து, உடல் வியர்த்து, உடனே படுத்தே ஆக வேண்டும் என்று தோன்றும். அப்படியே அரை மணி நேரம் படுத்துக்கொள்வதுதான் அந்த நேரத்துக்கான வைத்தியம். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மீண்டும் வராமல் தடுக்க இனிப்பை நிறுத்தினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். சாப்பாட்டுடன் தண்ணீர் குடிப்பது உணவைக் கழுவிக்கொண்டு வேகமாகக் குடலுக்குள் சேர்ப்பதால், இனிப்பே இல்லாத சாப்பாட்டுக்குப் பிறகும் டம்பிங் வரலாம். சாப்பிடத் தொடங்கும்போது தண்ணீர்க் குவளையை ஒதுக்கிவைத்துவிட்டு, முடித்து அரை மணி நேரம் கழித்து எடுப்பதே பாதுகாப்பானது. தட்டில் இருக்கும் புரதத்தை முதலில், காய்கறியை அடுத்து, மாவுப்பொருளைக் கடைசியில் சாப்பிடுங்கள். மறைந்திருக்கும் சர்க்கரையையும் தேடிப் பார்க்க வேண்டும்: பழச்சாறு, இருமல் மருந்து, சுவையூட்டிய தயிர், "சத்துபானம்" என்று விற்கப்படும் பொடிகள். பால் குடித்தால் மட்டும் வயிறு கடமுடவென்று கலங்கி வாயு பிரிகிறது என்றால் அது டம்பிங்காக இல்லாமல், அறுவை சிகிச்சைக்குப் பின் பாற்சர்க்கரையைச் செரிக்க முடியாமல் போனதாக இருக்கலாம்; பாலை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கம், கண் இருட்டல்

முந்தையதைப் போலவே வியர்வையும் படபடப்பும் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கடிகாரம்தான் இங்கே பிரித்துக்காட்டுகிறது. சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறியதும் உடல் தேவைக்கு மீறி இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. அதன் பிறகு ரத்தச் சர்க்கரை சரிகிறது. இது பொதுவாக முதல் மாதங்களில் வருவதில்லை. ஓராண்டு கடந்து, எல்லாம் பழகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் வரும். தொல்லை வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரால் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் உடனே ஈடுசெய்ய வேண்டும், 54-க்குக் கீழே இருந்தால் அது கடுமையான தாழ்வு.

தாழ்ந்த சர்க்கரையை ஏற்ற 15 கிராம் அளவு குளுக்கோஸ் போதும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்தக் குளுக்கோஸே அடுத்த சரிவுக்கு விதையாகும். அளவு மேலேறியதும் ஒரு முட்டையோ கொஞ்சம் தயிரோ, புரதமுள்ள எதையாவது சாப்பிட வேண்டும். பயத்தில் நாள் முழுவதும் மிட்டாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சப்புபவர்கள், தாங்களே அந்தச் சுழற்சியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்துடன் சேர்த்து, சிறு வேளைகளாகப் பிரித்துச் சாப்பிடும்போது பலருக்கு இது அடங்குகிறது. அடங்காதவர்களுக்கு மருந்துகள் இருக்கின்றன. நினைவு தப்பிய அனுபவம் ஒரு தடவை இருந்தாலும், மருத்துவரைப் பார்க்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

நீரிழிவு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களின் கதை வேறு. அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையத் தொடங்கும் முன்பே, சர்க்கரை இறங்கிவிடலாம். பழைய அளவிலேயே இன்சுலினைத் தொடர்ந்தால் தாழ் சர்க்கரை எந்த வாரத்திலும் வரும். அதற்குச் சாப்பாட்டைத் திருத்தினால் போதாது, மருந்தின் அளவைத்தான் திருத்த வேண்டும்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது

முதல் இரண்டு மாதங்களில் இது பெரும்பாலும் நீர்ப்பற்றாக்குறையே. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதற்கான பொதுவான காரணங்களுள் ஒன்றும் அதுதான். ஒரே மூச்சில் குவளை நிறையக் குடிக்க இனி முடியாது என்பதால், தாகம் எடுத்த பிறகு ஈடுகட்டவும் முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்ற குறைந்தபட்சத்தை, விழித்திருக்கும் 15 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 100 மில்லி ஆகிறது; சாப்பாட்டை ஒட்டித் தண்ணீர் குடிக்காத நேரத்தைக் கழித்தால் மற்ற மணிகளில் சற்றுக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அளவு குறிக்கப்பட்ட பாட்டில் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்வது, நினைவை நம்புவதைவிட மேல். சிறுநீரின் நிறம் வெளிர்மஞ்சளைவிட அடர்ந்து போனால் அன்றைய கணக்கில் துண்டு விழுந்திருக்கிறது என்று பொருள். வெறும் தண்ணீர் வயிற்றில் கனமாக இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். வெதுவெதுப்பாகவோ, எலுமிச்சைத் துண்டு போட்டோ குடித்தால் அவர்களுக்கு எளிதாக இறங்குகிறது.

போதுமான நீர் குடித்தும் தலைசுற்றல் தொடர்ந்தால், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அழுத்தத்தின் அளவைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை குறையக் குறைய அந்த மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டிவரும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை என்றால் இன்னும் அவசரம்.

நெஞ்செரிச்சல், மேல்வயிற்று எரிச்சல்

ஸ்லீவ் செய்தவர்களுக்கு, குறுகிய குழாயில் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுவது சகஜம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் ஓரளவு உதவும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பலருக்குத் தேவைப்படும். ஆண்டுக்கணக்கில் எரிச்சல் நீடித்தால் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும், சிலருக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதே தீர்வாகிறது.

பைபாஸ் செய்தவர்களுக்கு மேல்வயிறு எரிந்து வலித்தால் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: புகைபிடிக்கிறீர்களா, வலி மாத்திரை எடுத்தீர்களா? இணைப்பு இடத்தில் புண் வருவதற்கு இவ்விரண்டும் பெரிய காரணங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் எளிதாக எழுதித்தரப்படுபவை. பல் மருத்துவரிடம் போனாலும் எடைக்குறைப்பு பைபாஸ் நடந்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பாராசிட்டமாலுக்கு இந்தத் தடை இல்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

மலச்சிக்கல்

உணவும் நீரும் குறைந்ததாலும், இரும்புச்சத்து மாத்திரையாலும் வருவது. முதலில் நீரைக் கூட்டுங்கள், பிறகு நார்ச்சத்தை. நீரைக் கூட்டாமல் நார்ப்பொடியை மட்டும் சேர்த்தால் நிலைமை மோசமாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போவது இப்போதைய சாப்பாட்டின் அளவுக்கு இயல்பாகவும் இருக்கலாம்.

வலது விலாவுக்குக் கீழே வலி

கொழுப்புள்ள உணவுக்குப் பிறகு வந்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை வேகமாகக் குறையும்போது கல் உருவாவது அதிகம் என்பதால்தான் பலருக்கு முதல் ஆறு மாதங்களுக்கு உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை தரப்படுகிறது. காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது

மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையே தொடங்கினால், இது பெரும்பாலும் அறுவை சிகிச்சையாலும் வேகமான எடைக்குறைவாலும் வளர்ச்சிநிலையில் இருந்த முடிகள் ஒட்டுமொத்தமாக ஓய்வுநிலைக்குப் போனதன் விளைவு. வேர் சாகவில்லை என்பதால் சில மாதங்களில் தானே திரும்ப வளரும். இந்தக் காலத்தில் விலை உயர்ந்த எண்ணெயையும் ஷாம்புவையும் வாங்குவதைவிட, நாள்தோறும் 60 முதல் 80 கிராம் புரதம் உள்ளே போகிறதா என்று ஒரு வாரம் கணக்கிட்டுப் பாருங்கள். பலரின் கணக்கு அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஓராண்டுக்குப் பிறகு தொடங்கினாலோ, ஓராண்டைத் தாண்டியும் நிற்காமல் போனாலோ இரும்பு, துத்தநாகம், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்கள், ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு பரிசோதனையின் முடிவையும் மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனையின் முடிவையும் அது திரித்துவிடும்.

அசதி, நாக்கு எரிச்சல், கால் மரமரப்பு, பனிக்கட்டி தின்னும் ஆசை

பொதுவாகச் சத்துக் குறைபாடுகள் மெதுவாகவே வெளிப்படுகின்றன. வைட்டமின் பி12 கல்லீரலில் நீண்ட காலத்துக்குச் சேமிப்பாக இருப்பதால், மாத்திரையை நிறுத்தி ஓராண்டு வரைகூட ஒன்றும் தெரியாது. "நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பிறகு கால் மரத்துப்போகத் தொடங்கும்போது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும், முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். படி ஏறும்போது மூச்சு வாங்குவதும், பனிக்கட்டியை மெல்லத் தோன்றுவதும் இரும்புக் குறைவைச் சுட்டும். மாதவிடாய் உள்ள பெண்களிடம் இது மிகவும் பொதுவானது.

மாத்திரைகள் எடுத்தும் ரத்தத்தில் அளவு ஏறவில்லை என்றால், எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுப்பதால் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். தேநீரும் காபியும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நாளொன்றுக்குத் தேவையான 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியத்தை ஒரே தடவையில் விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஒரு வேளைக்கு 500 முதல் 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கால்சியம் கார்பனேட் கரைவதற்கு இரைப்பை அமிலம் தேவை, அது இப்போது குறைவாக இருப்பதால் கால்சியம் சிட்ரேட்டே ஏற்றது. காலையில் எழுந்ததும் இரும்பு, பகலில் இரண்டு மூன்று வேளையாகக் கால்சியம் என்று அலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வதுதான் எளிது. ரத்தப் பரிசோதனை முதலாண்டில் சில தடவையும், அதன் பிறகு ஆண்டுதோறும், வாழ்நாள் முழுவதும் தேவை. தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளும், மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளும் முன்போல் உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால், அவற்றின் அளவையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தைப்பேற்றை 12 முதல் 18 மாதங்களுக்குத் தள்ளிவைக்கச் சொல்வதும் இந்தக் குறைபாடுகளை எண்ணியே. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை நம்பகமாக வேலை செய்யாமல் போகலாம். இரண்டும் சேர்ந்து பலரைத் திகைக்கவைத்திருக்கின்றன.

வயிறு நிறைந்தும் மனம் கேட்கிறது

இரைப்பையின் மேற்பகுதி நீக்கப்படும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு குறைகிறது. ஆகவே முதல் மாதங்களில் வரும் "பசி" பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவதில்லை. திடீரென வந்து குறிப்பிட்ட ஒரு தின்பண்டத்தையே கேட்டால் அது மனத்தின் ஆசை. மெல்ல வந்து எதைக் கொடுத்தாலும் போதும் என்றால் அது பசி. கவலையையும் சலிப்பையும் சாப்பாட்டால் ஆற்றிவந்தவர்களுக்கு அந்த வழி மூடிவிட்டது, கவலையோ அப்படியே இருக்கிறது. அந்த இடத்தை மது பிடித்துக்கொள்வதுண்டு, குறிப்பாக இரண்டாவது ஆண்டிலிருந்து. பைபாஸுக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, உச்சமும் கூடுதல், இறங்கவும் நேரமாகிறது. முன்பு தாங்கிய அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. எடை குறைந்தும் மனம் இருண்டுகொண்டே போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, அதையும் வாந்தியைப்போலவே உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

விருந்துகளில் "இவ்வளவுதானா சாப்பிடுவாய்" என்று வற்புறுத்துபவர்களிடம் அறுவை சிகிச்சையைப் பற்றி விளக்கியே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. "மருத்துவர் அளவாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்" என்ற ஒரு வாக்கியம் பொய்யும் அல்ல, விவாதத்துக்கும் இடம் தராது. சிறிய தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு, பேச்சின் நடுவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டால், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

எடை அசையவில்லை, அல்லது மீண்டும் ஏறுகிறது

மூன்றாவது வாரத்தை ஒட்டி எடை ஒன்றிரண்டு வாரங்கள் நின்றுபோவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிறது. முதலில் வேகமாக இறங்கியதில் பெரும்பகுதி, உடலில் சர்க்கரைச் சேமிப்பாக இருந்த கிளைக்கோஜனும் அதோடு பிணைந்திருந்த நீருமே. அது தீர்ந்து உடல் சமன்படும்போது எடை காட்டும் எண் நிற்கிறது. அப்போது உணவை இன்னும் குறைப்பது தவறு. எடையை வாரம் ஒரு தடவை மட்டும் பார்த்து, இடுப்பளவையும் எடுத்து வைத்துக்கொண்டு, புரதத்தையும் நடையையும் அப்படியே தொடருங்கள்.

இரண்டாவது ஆண்டுக்குப் பிறகு ஏறுவது வேறு. சில கிலோ திரும்புவது எதிர்பார்க்கக்கூடியதே. தொடர்ந்து ஏறினால், வேளைச் சாப்பாட்டைவிட இடைவேளைகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் போன்றவை வாயிலேயே கரைந்து, நிறைவே தராமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவதால், சிறிய இரைப்பை அவற்றுக்குத் தடையே அல்ல. கோழி இறைச்சியில் நாலு வாய்க்கு மேல் முடியாதவரும் ஒரு பொட்டலம் சிப்ஸை முடித்துவிடலாம். சாப்பாட்டுடன் தண்ணீர் குடிக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். மனநோய்க்கான சில மருந்துகளும், இன்சுலினும், ஸ்டீராய்டும் எடையை ஏற்றும். இவை எதுவும் இல்லாமல், கெட்டியான புரத உணவையே முன்பைவிட இரு மடங்கு சாப்பிட முடிகிறது என்றால், பை அல்லது இணைப்புத் துளை விரிந்திருக்கிறதா என்பதை எண்டோஸ்கோப்பியாலோ, பேரியம் திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தாலோ பார்ப்பார்கள். பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இப்போது தருகிறார்கள். ஐந்து கிலோ ஏறியதும் போய்க் கேட்டால் அவை செய்ய வேண்டிய வேலை குறைவு, ஆனால் பலரும் இருபது கிலோ ஏறிய பிறகுதான் கேட்கிறார்கள்.